நகரும்போது தரவு எங்கே இருக்கிறது?

பெங்களூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் வாங்க வேண்டுமென்றால் எஸ்.பி. ரோடு. முழுப்பெயர் சாதர் பத்ரப்பா சாலை. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். டவுன்ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம். கன்னடம், தமிழ், இந்தி, உருது எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் அந்தக் கடைகளில், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும் கல்லூரி மாணவர்களும் கேட்கிற ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அண்ணா, வீட்ல நாலு டிபி டிஸ்க் ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் ரெய்டு ஸீரோ போட்டா ஸ்பீடு டபுள் ஆகுமாமே? உள்ள இருக்கிற டேட்டா போகாதுல்ல?"

கடைக்காரர் சொல்லும் பதில்: "பேக்கப் இருக்கா? இல்லேன்னா கை வைக்காதீங்க."

அனுபவத்தின் பதில் அது. கை வைப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் கேள்வி கேட்டவர் கேட்டது வேறு: இருக்கிற தரவை வெளியே எடுக்காமலேயே ஒரு டிஸ்க்கை இரண்டாக்க முடியுமா? முடியும். எப்படி முடியும் என்பதில் கொஞ்சம் அழகான கணக்கு இருக்கிறது. அதற்கு முன், எதற்காக இந்தப் பாடு என்று பார்த்துவிடலாம்.

மேசைக் கணினியில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. நமக்கு வேண்டிய தரவு, படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர்ந்து போகிற நேரம் தனி. போய்ச் சேர்ந்த பிறகு தரவு மளமளவென்று வரும், நொடிக்கு 200 மெகாபைட் வரைக்கும். தட்டு சுற்றும் வேகத்தை நினைத்தபடி கூட்ட முடியாது. சூடு, அதிர்வு, காற்றின் இழுவை எல்லாம் குறுக்கே நிற்கும். ஆகவே ஹார்டு டிஸ்க்கிலேயே கூடுதல் வேகம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது: பல டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் வேலை வாங்குவது. கோப்பை 64 கிலோபைட், 512 கிலோபைட் என்று ஏதோ ஓர் அளவில் துண்டு போட்டு, சீட்டுப் பிரித்துப் போடுவதுபோல ஒன்று இந்த டிஸ்க்குக்கு, அடுத்தது அந்த டிஸ்க்குக்கு என்று மாற்றி மாற்றி எழுதுவது. இதைத்தான் பட்டை போடுவது என்கிறார்கள். 10 ஜிகாபைட் வீடியோவை ஒரு டிஸ்க் படிக்க 50 நொடி என்றால், இரண்டு சேர்ந்தால் 25.

சின்னக் கோப்புக்கு இந்த லாபம் கிடையாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. 64 கிலோபைட் கோப்பைப் படிக்கும் நேரம் மில்லி நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதைப் பாதியாக்கி என்ன பயன்? காத்திருப்புதான் அங்கே முக்கால்வாசி. கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்தால் அந்தக் காத்திருப்பு கூடவே செய்கிறது. இரண்டு தட்டுகளும் தம்மிஷ்டத்துக்குச் சுற்றுகின்றன, இரண்டில் தாமதமாக வருவதற்காகக் காத்திருக்க வேண்டும். அதன் சராசரி அரைச் சுற்று அல்ல, மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. 4.2 மில்லி நொடி 5.6 ஆகிவிடுகிறது. பெரிய கோப்பை நீளமாகப் படிப்பவருக்குத்தான் பட்டை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளோடு மல்லாடுபவருக்கு அல்ல.

பட்டை போடும் யோசனையை 1986-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் சேலமும் ஹெக்டர் கார்சியா மோலினாவும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அலசினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1988-இல், பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் 'ரெய்டு' என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தது. அப்போது பெரிய கணினிகளுக்கான ஐபிஎம் 3380 டிஸ்க் 7500 மெகாபைட் கொண்டது, தட்டின் குறுக்களவு 14 அங்குலம். மேசைக் கணினிக்கான கானர் சிபி3100 வெறும் 100 மெகாபைட், 3.5 அங்குலம். ஒரு ராட்சதனை வாங்குவதற்குப் பதில் குள்ளர்களை வரிசையாக நிறுத்தினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. பதிலோடு ஒரு பயமும் வந்தது. கானர் டிஸ்க் பழுதாகும் வரை சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் சொன்னார். 100 டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டினால், ஏதோ ஒன்று பழுதாகும் சராசரி நேரம் 300 மணி. இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் அந்தக் கட்டுரை, இழந்ததை மீட்கும் உபரித் தகவலைச் சேர்த்து வைக்கிற ஐந்து வகைகளை, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்டுச் சொன்னது. பூஜ்ஜியம் அந்தப் பட்டியலில் இல்லை. உபரி எதுவும் இல்லாத வெறும் பட்டைக்கு அந்த எண் பின்னால் ஒட்டிக்கொண்டது.

டிஸ்க் எவ்வளவு அடிக்கடி சாகிறது என்பதற்கு நல்ல புள்ளிவிவரம் 2007-இல்தான் வெளிவந்தது. தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கணக்கெடுத்த கூகுள், முதலாண்டில் இருப்பவற்றில் 1.7 சதவீதமும் மூன்றாண்டு ஆனவற்றில் 8.6 சதவீதமும் ஓர் ஆண்டில் பழுதாவதாகச் சொன்னது. நடுவாக 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், இரண்டு டிஸ்க் பட்டையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5.9 சதவீத ஆபத்து, நான்கில் 11.5; எட்டில் 21.6. ஒன்று போனால் மொத்தமும் போனது. எடிட்டிங் அறையில் எட்டு டிஸ்க்கைப் பட்டை போட்டு வைத்திருப்பவர் ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த வருடமே தலைவலி காத்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

இனி இடமாற்றத்துக்கு வருவோம். பழைய டிஸ்க்கை 'அ' என்றும், புதிதாக வாங்கியதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். அ-வில் துண்டுகள் 0, 1, 2, 3, 4 என்று வரிசையாக இருக்கின்றன. பட்டை போட்ட பிறகு இரட்டை எண் துண்டுகள் அ-விலும் ஒற்றை எண் துண்டுகள் ஆ-விலும், ஒவ்வொன்றும் தன் எண்ணில் பாதியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். துண்டு 0 ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறது. துண்டு 1, ஆ-வின் முதல் இடத்துக்குப் போகிறது. அது காலி டிஸ்க், ஆபத்தில்லை. துண்டு 2, அ-வில் முன்பு துண்டு 1 இருந்த இடத்துக்கு வருகிறது. துண்டு 1 அதற்குள் ஆ-வுக்குக் குடிபோய்விட்டதால் அந்த இடம் நமக்குச் சொந்தம். துண்டு 3 ஆ-வுக்கு. துண்டு 4, பழைய 2 இருந்த இடத்துக்கு. துண்டு 6, பழைய 3 இருந்த இடத்துக்கு. ஒரு காகிதத்தில் பத்துத் துண்டு வரை எழுதிப் பாருங்கள்: படிக்கும் முனை எப்போதும் முன்னால் ஓடுகிறது, எழுதும் முனை அதில் பாதி வேகத்தில் பின்னால் வருகிறது. எழுதுகிற எந்த இடத்திலும் அழிபடுவது, ஏற்கெனவே வேறோர் இடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிட்ட துண்டின் பழைய பிரதி மட்டும்தான். மூன்றாவது டிஸ்க் தேவையில்லை. தரவு எந்தக் கணத்திலும் எங்கேயாவது ஓர் இடத்தில் முழுதாக இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அது கரண்ட். 'இந்த எண் வரை புது முறை, அதற்கு மேல் பழைய முறை' என்று ஒரு குறிப்பைக் கணினி டிஸ்க்கிலேயே எழுதி வைத்துக்கொண்டே போக வேண்டும். துண்டு 2-ஐப் பழைய 1-இன் இடத்தில் எழுதி முடித்துவிட்டது, குறிப்பு இன்னும் 0 என்றே இருக்கிறது, அந்த நொடியில் மின்சாரம் போகிறது என்று வையுங்கள். திரும்ப உயிர் பெற்ற கணினி, குறிப்பை நம்பி, துண்டு 1-ஐ அதன் பழைய இடத்தில் தேடும். அங்கே கிடைப்பதோ துண்டு 2. கோப்பு முறையின் தலைப்பகுதியே இந்த முதல் சில துண்டுகளில்தான் இருக்கும் என்பதால், அங்கே நடக்கும் குளறுபடி டிஸ்க் முழுவதையும் படிக்க முடியாததாக்கும்.

போகப் போக இந்த ஆபத்து தானாகவே கரைகிறது. ஆயிரம் துண்டு நகர்ந்த பிறகு எழுதும் முனை ஐநூறாவது இடத்தில்தான் நிற்கிறது. குறிப்பு ஆயிரத்திலேயே நின்றாலும், இன்னும் ஆயிரம் துண்டு வரை நகர்த்தலாம். அதற்குள் எப்போது மின்சாரம் போனாலும் பழைய இடங்களில் 1000-க்கு மேற்பட்ட துண்டுகள் தொடப்படாமல் இருக்கும். இடைவெளி வளர்ந்துகொண்டே போவதால், இறுக்கமான கட்டம் தொடக்கத்தில் மட்டும்தான். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் எம்டிஆட்ம் என்ற கருவி அந்தத் தொடக்கத் துண்டுகளை மட்டும் வேறு ஓர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் நகர ஆரம்பிக்கிறது. கடந்த பிறகு அந்தப் பிரதி தேவையில்லை. நான்கு டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகர்த்தினாலும் பதினோரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனம் கைவிடாமல் இருக்கும் என்று பெங்களூரில் யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள், வீட்டு யூபிஎஸ்ஸும் தாங்காது. ஆனால் யூபிஎஸ் உண்மையில் காக்க வேண்டியது முதல் சில நொடிகளைத்தான். அதற்குப் பின் மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதிலிருந்து விசித்திரமான ஒரு முடிவும் கிடைக்கிறது. டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டாமல், துண்டின் அளவை மட்டும் 64-இலிருந்து 512 கிலோபைட்டாக மாற்ற வேண்டும் என்றால், கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் அங்கே எழுதும் முனையும் படிக்கும் முனையும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இடைவெளி வளர்வதே இல்லை. கடைசி வரை ஒவ்வொரு அடியும் இறுக்கமான கட்டம்தான், ஒவ்வொரு பகுதியையும் முதலில் வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். டிஸ்க் சேர்ப்பதைவிட இது மெதுவானது, ஆபத்தும் கூட.

இன்னொரு சிக்கல், அந்தக் குறிப்பையே எங்கே வைப்பது என்பது. பழைய டிஸ்க்கில் கோப்பு முறை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை நிரந்தரக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. எம்டிஆட்ம் இப்போது வழக்கமாகப் பயன்படுத்தும் 1.2 வடிவம் தன் குறிப்பை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதும். எக்ஸ்ட்4 கோப்பு முறையில் சரியாக அந்த இடத்தில்தான், டிஸ்க்கின் எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்ற அட்டவணை தொடங்குகிறது. போதாததற்கு, தரவின் தொடக்கத்தையே இன்னும் உள்ளே தள்ளிவிடும். தரவோடு இருக்கும் டிஸ்க்குக்கு உகந்தது 1.0 வடிவம், அது குறிப்பைக் கடைசியில் எழுதுகிறது. அதற்காகக் கோப்பு முறையை முதலில் கொஞ்சம் சுருக்கி, வாலில் இடம் ஒதுக்க வேண்டும். பிறகு அந்த ஒற்றை டிஸ்க்கையே 'ஒரு டிஸ்க் பட்டை' என்று அறிவிப்பது; கருவி முரண்டு பிடிக்கும், வற்புறுத்த வேண்டும். அதன்பின்தான் ஆ-வைச் சேர்த்து விரிப்பது. இந்த வரிசையில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டால், 'இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே கோப்பு முறை இருப்பதுபோல் தெரிகிறது, தொடரலாமா?' என்று கருவி ஒரு வரி கேட்கும். சரியாகச் செய்யும்போதும் அதே வரியைத்தான் கேட்கும். அதனால் அந்த எச்சரிக்கை யாரையும் காப்பாற்றுவதில்லை.

மற்ற இடங்களில் நிலைமை கலவையானது. விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையில் பட்டை போட இரு டிஸ்க்கிலும் காலி இடம் வேண்டும். தரவுள்ள பகுதியைப் பட்டையாக மாற்ற வழியில்லை. அது தருவது ஒன்றின் வாலில் மற்றொன்றை ஒட்டும் நீட்டிப்புதான், அதில் வேகம் கூடாது. இன்டெல்லின் ரேப்பிட் ஸ்டோரேஜ் மென்பொருள் ஓடும் டிஸ்க்கையே பின்னணியில் பட்டையாக்கித் தரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை புது டிஸ்க்கை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், ஆனால் பழைய தரவு இருந்த இடத்திலேயே கிடக்கும்; இனி எழுதுவது மட்டும்தான் பரவும். பீட்டிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறை ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் மறுபங்கீடு செய்யும், கோப்புகளைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே. அதற்குக் காரணம், அது எதையும் இருந்த இடத்தில் மாற்றி எழுதுவதில்லை. புது இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடுவிக்கிறது.

பட்டை உடைந்த பிறகு மீட்பது பற்றியும் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் எல்லாம் நல்லபடி இருந்தும் குறிப்பு மட்டும் அழிந்துபோனால், எந்த டிஸ்க் முதலில், துண்டு எத்தனை பெரியது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு டிஸ்க்குக்கு இரண்டே வரிசை, நான்குக்கு 24, எட்டுக்கு 40,320. ஒவ்வொன்றையும் பலவிதத் துண்டு அளவுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆகவே மீட்பவர்கள் முதலில் தேடுவது பெரிய புகைப்படக் கோப்புகளை. தவறான வரிசையில் சேர்த்தால் படத்தின் மேற்பகுதி முகம் நன்றாகத் தெரிந்து, சரியாக ஒரு துண்டின் எல்லையில் சாம்பல் நிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ உடையும். எத்தனையாவது பைட்டில் உடைந்தது என்று எண்ணினால் துண்டின் அளவு தெரிந்துவிடும். ஒரு டிஸ்க் முற்றிலும் செத்துப்போய் மற்றது பிழைத்திருந்தால் நிலைமை வேறு. 512 கிலோபைட் துண்டு என்றால், 100 கிலோபைட் கடிதம் ஒன்று முழுதாகவே பிழைத்த டிஸ்க்கில் இருக்க வாய்ப்புண்டு. பெயர்ப் பட்டியலும் பாதி போய்விட்டதால் அதன் பெயர் மட்டும் தெரியாமல் போகலாம். கல்யாண வீடியோவில் ஒன்றுவிட்டு ஒரு அரை மெகாபைட் காணாமல் போயிருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்.பி. ரோட்டுக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. நகரத்தில் பட்டை போடும் வேலை பெரிய அளவில் நடக்கும் இடங்களில் ஒன்று அங்குள்ள மீக்கணினி ஆய்வு மையம். 2015-இல் அங்கே வந்த சஹஸ்ர-டி என்ற கிரே எக்ஸ்சி40 மீக்கணினிக்கு ஏறக்குறைய 2 பெட்டாபைட் சேமிப்பு இருந்தது. 2022-இல் தேசிய மீக்கணினித் திட்டத்தில் சி-டாக் நிறுவனம் அமைத்த பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப் வேகம், 4 பெட்டாபைட் சேமிப்பு கொண்டது. இம்மாதிரிப் பொறிகளில் ஓடும் லஸ்டர் என்ற கோப்பு முறை, ஒரு கோப்பைப் பல டிஸ்க்குகளில் மட்டுமல்ல, பல சேமிப்புக் கணினிகளிலேயே பரப்பி வைக்கும். பருவமழைக் காற்றோட்டத்தையோ ஒரு புரதம் மடிவதையோ கணக்கிடும் ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருக்கும்; ஒரே வாசல் வழியாக அத்தனை பேரும் நுழைய முடியாது. சிறிய கோப்புக்குப் பட்டை கூடாது என்ற விதி அங்கேயும் மாறுவதில்லை. பத்துக் கிலோபைட் கோப்புகளைப் பரப்பி வைத்தால் வேகம் குறையும். எத்தனை இடத்தில் பரப்புவது என்று ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் பயனரே தீர்மானிக்கலாம்.

அங்கே பூஜ்ஜியம் தனியாக நிற்பதில்லை. இத்தகைய அமைப்புகளில் ஒவ்வொரு சேமிப்பு அலகும் பெரும்பாலும் பத்து டிஸ்க் கொண்ட குழு; எட்டில் தரவு, இரண்டில் உபரி. எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் அந்த அலகு பிழைக்கும். அப்படிப்பட்ட அலகுகளுக்கு மேலேதான் பட்டை. பெர்க்லிக்காரர்கள் பயந்த 300 மணி நேரக் கணக்குக்கான பதில் கீழ்த்தளத்தில் இருக்கிறது, வேகம் மேல்தளத்தில்.

லஸ்டரில் ஒரு கோப்பின் பட்டை அமைப்பு அந்தக் கோப்பு பிறக்கும்போதே உறுதியாகிவிடும். கோப்புறையின் அமைப்பை மாற்றினால் இனிமேல் பிறக்கும் கோப்புகளுக்குத்தான் அது செல்லும். பழைய கோப்பு ஒன்றை நான்கு இடத்திலிருந்து பதினாறு இடத்துக்குப் பரப்ப வேண்டுமென்றால்? மேலே சொன்ன துண்டுக்குத் துண்டு நகர்த்தும் வித்தையை லஸ்டர் செய்வதில்லை. பெயரில்லாத ஒரு தற்காலிகக் கோப்பைப் புது அமைப்போடு உருவாக்கி, அதில் தரவு முழுவதையும் பிரதி எடுத்து, முடிந்ததும் இரு கோப்புகளின் அமைப்பை மட்டும் ஒரே அடியில் இடம் மாற்றுகிறது. இடையில் யாராவது அந்தக் கோப்பில் எழுத வந்தால், ஒன்று அவர்கள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடமாற்றம் கைவிடப்படும். எப்படி என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கடைசி அடி வரை பழைய கோப்பை யாரும் தொடவில்லை.

இடம் இருப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே டிஸ்க்குக்குள் முனையை விட்டு முனையைத் துரத்தும் வித்தை, மூன்றாவது டிஸ்க் வாங்க வசதியில்லாதவருக்காக எழுதப்பட்டது. கணக்கு சரியாக இருந்தாலும், அந்தப் பதினோரு மணி நேரமும் கோப்பின் ஒரே பிரதி இரண்டு டிஸ்க்குக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது. அதிலும் ஒன்று, பல மாதமாக ஓடித் தேய்ந்த பழைய டிஸ்க்; இடைவிடாமல் படித்து எழுதும் அந்த இரவில்தான் அதற்கு வேலை அதிகம். எஸ்.பி. ரோட்டில் இரண்டாவது டிஸ்க் வாங்கப் போகிறவரிடம் நான் சொல்வது, மூன்றாவதையும் சேர்த்து வாங்குங்கள் என்றுதான். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, புதியவை இரண்டிலும் பட்டை போட்டு, பிறகு பழையதை மீண்டும் மாட்டி அதிலிருந்து பிரதி எடுங்கள். பட்டை வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் பார்த்த பிறகும் பழையதை அழிக்காதீர்கள், பேக்கப்பாக இருக்கட்டும்.